தெளிந்த நீரும் தூய நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பெய்யும் மழைநீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களூடே இறங்கி நிலத்தின்கீழ்த் தங்க, அதனைக் கிணறு தோண்டித் துலாவால் இறைத்தே எம் முன்னோர் குடித்தனர்; குளித்தனர்; புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் பாய்ச்சினர். ஆதலின் நீரைத் தரம் பிரித்தறியும் வழக்கம் எம்மவர்க்கு இயல்பாகவே அமைந்தது. 'இது நல்ல தண்ணீர்க் கிணறு, அது சவர்த் தண்ணீர்க் கிணறு' என்று சிறு பிள்ளையுங் கூறும். ஆயினும், நாவாலும் கண்ணாலும் அறியப்படாத குணங்கள் நீருக்குப் பல உள. அவற்றை அறியாதார்க்கு, பளிங்குபோலத் தெளிந்த நீரும் நோய்க்கு இருப்பிடமாதல் கூடும். அக்குணங்களுட் சிலவற்றை எடுத்து விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவருட் பலர் இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் நோர்வேயிலும் வாழ்கின்றனர். குளிர் மிகுந்த அந்நாடுகளில் வசதியுள்ளோர் வீட்டுப் பின்வளவில் வெந்நீர்த் தொட்டி வைத்திருத்தல் வழக்கமாகிவிட்டது. நாலைந்து பேர் அமரக்கூடிய அத்தொட்டியில் நீர் சூடாக்கப்பட்டு, குழாய்களாற் சுழற்றப்பட்டு, காற்றுக் குமிழிகளுடன் பீறிட்டு வரும். ஊரிலிருந்து மூட்டுவாதத்துடன் சென்ற தந்தையும் தாயும் அதில் அமர்ந்து ஆறுதல் அடைகின்றனர். அவர் மடியில் பேரப்பிள்ளைகளும் இறங்குகின்றனர். முதுமையும் இளமையும் ஒருங்கே இறங்கும் நீர் எத்தன்மையதாய் இருத்தல் வேண்டும் என்பது சிறிய வினாவன்று.

தமிழாசிரியர் இரசாயனத்துட் புகுதல் தகுமோ எனச் சிலர் வினவலாம். எமது கல்லூரியில் விஞ்ஞானம் தமிழிலே கற்பிக்கப்படுகின்றது. கற்பிக்கப்படும் பொருள் ஆய்வுகூடத்தின் கதவைத் தாண்டி வீட்டுக்குள் வாராதாயின், அக்கல்வியாற் பயன் என்னை? எனவே இரசாயனங் கற்பிக்கும் நண்பரிடம் ஐயந்திரிபறக் கேட்டறிந்து, யாம் அறிந்த மொழியில் இங்கே தருகின்றோம்.

ஓடும் நீரும் அடைபட்ட நீரும்

திருகோணமலைக்கு அணித்தாயுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழினையும் அறியாதார் நம்முள் இலர். கீரிமலைக் கேணியில் நீராடாதாரும் அரியர். இவ்விரண்டிடத்தும் எத்தனை பேர் நீராடினும், நிலத்தின்கீழிருந்து புதுநீர் ஊறிக்கொண்டே இருக்கும். கீரிமலையிலே பழைய நீர் கடலோடு கலந்துவிடும். ஓட்டம் என்பது இயற்கை செய்துவைத்த துப்புரவாகும்.

வீட்டு வெந்நீர்த் தொட்டிக்கு அவ்வோட்டம் இல்லை. அதனுள்ளே நீர் சுழலுகின்றதேயன்றி மாறுவதில்லை. இன்று இறங்கியவரின் வியர்வையும் எண்ணெயும் தோற்பொருக்கும் நாளை இறங்குவார்க்கும் அங்கேயே காத்திருக்கும். அன்றியும் நீரின் அளவோ மிகச் சிறிது. ஒரு தொட்டி 1500 இலீற்றர் நீர் கொள்வதெனக் கொள்வோம். அதில் நால்வர் அமர்ந்தால் ஒருவருக்கு 375 இலீற்றர் ஆகும். 25 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமும் ஒன்றரை மீற்றர் ஆழமும் உடைய நீச்சற் பொய்கை 3,75,000 இலீற்றர் கொள்ளும். வீட்டுத் தொட்டியில் நால்வரால் விளையும் நெருக்கடி அப்பொய்கையில் விளைய வேண்டுமாயின், 1000 பேர் ஒரே வேளையில் அதில் இறங்குதல் வேண்டும்! சிறிய தொட்டிதானே எனக் கவலையற்றிருத்தல் எத்துணைப் பிழை என்பது இதனாற் புலனாகும்.

கண்ணுக்குப் புலனாகாப் பகை

வெந்நீர் என்றவுடன் அதில் கிருமி வாழாது என்று எண்ணுவாரும் உளர். கொதிக்கும் நீருக்கே அது பொருந்தும். தொட்டி நீர் 40 பாகை செல்சியசுக்கு மேற்படலாகாது. மேற்படின் உடல் தாங்காது. அந்த இளஞ்சூடோ கிருமிகட்கு உகந்த சூடாகும்.

1976ஆம் ஆண்டு யூலை மாதத்தில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகர விடுதியொன்றிலே முன்னாட் படைவீரர் சங்கத்தின் மாநாடு நடைபெற்றது. அதன்பின் அங்குச் சென்றோருட் பலரைக் கொடிய நுரையீரற் காய்ச்சல் பற்றியது; முப்பதுக்கும் அதிகமானோர் இறந்தனர். காரணம் யாதென எவர்க்கும் விளங்கவில்லை. அடுத்த ஆண்டு சனவரியிலேதான் அதற்குரிய பற்றீரியா கண்டறியப்பட்டது. படைவீரர் சங்கத்தின் பெயரால் அதற்கு 'இலெசியோனெல்லா' எனப் பெயரிட்டனர். ஏறத்தாழ 25 பாகை முதல் 45 பாகை வரையுள்ள நீரில் அது நன்கு பெருகும். பெரும்பாலும் அது நீரின் நுண்டுளிகளோடு மூச்சுவழி நுரையீரலுட் புகுந்தே நோய் செய்யும். வெந்நீர்த் தொட்டியின் குமிழிகள் வெடிக்கும்போது எழும் ஆவிப்புகை, அந்நுண்டுளிகளைத் தாங்கி வருவதன்றோ!

1999ஆம் ஆண்டு நெதர்லாந்தில் போவன்கார்ஸ்பல் என்னும் ஊரில் மலர்க் கண்காட்சி ஒன்று நிகழ்ந்தது. அங்கே விற்பனைப் பொருளாக வைக்கப்பட்ட சுழல்நீர்த் தொட்டியிலிருந்து பரவிய இதே பற்றீரியாவால் 30 பேருக்கு மேல் மாண்டனர். தொட்டியில் இறங்கி நீராடியோர் அல்லர் அவர். காட்சி காண வந்து அருகே நடந்து சென்றோர். முதியோரும் புகைபிடிப்போரும் நுரையீரல் நலிந்தோரும் இந்நோய்க்கு எளிதில் இலக்காவர். இதனைவிடச் சிறிய கேடு ஒன்றும் உண்டு. 'சூடோமோனாசு' என்னும் பற்றீரியா, தொட்டியில் இருந்து எழுந்தவரின் மயிர்க்கால்களிற் புகுந்து, செந்நிறக் கொப்புளங்களை உண்டாக்கும்.

தேவையும் எச்சமும்

இப்பகையை வெல்லும் படைக்கலம் குளோரீன். வெள்ளத்தின் பின்னர்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணறுகட்கு இடும் வெளிற்றுந் தூளின் வலிமையும் இதுவே. அவர் தூளை இட்டுவிட்டு உடனே போய்விடுவதில்லை. சிறிது பொழுது சென்றபின் நீரைச் சோதிப்பார். ஏனெனில், இட்ட குளோரீனில் ஒரு பகுதி நீரிலுள்ள அழுக்கோடு பொருதே அழிந்துவிடும். அது நீரின் 'தேவை'. அத்தேவை தீர்ந்தபின் மிஞ்சி நிற்பது 'எச்சம்'. எச்சமே காவல். குடிநீரில் 30 நிமிடங் கழிந்தபின்னும் இலீற்றருக்கு 0.5 மில்லிகிராம் எச்சம் நிற்றல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

வெந்நீர்த் தொட்டியில் அழுக்கு மிகுதி, சூடும் மிகுதி, ஆதலின் குளோரீன் விரைந்து செலவாகும். எனவே இலீற்றருக்கு 3 மில்லிகிராமுக்குக் குறையாமல் எச்சம் நிற்றல் வேண்டும். குளோரீனுக்குப் பதிலாகப் புரோமீன் இடுவோர் 4 முதல் 8 மில்லிகிராம் வரை வைத்தல் வேண்டும். இதனைக் காட்டும் சோதனைத் தாள்கள் கடைகளிற் கிடைக்கும். நீரில் தோய்த்து, தோன்றும் நிறத்தை உறையிலுள்ள நிறங்களோடு ஒப்பிட்டால் அளவு விளங்கும்.

ஈண்டு ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் நன்று. தொட்டியின் மூடியைத் திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் மணம் எழுந்தால், 'குளோரீன் கூடிவிட்டது' என்பர். உண்மை பெரும்பாலும் இதற்கு மாறானது. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைதரசன் சேர்ந்த பொருள்களோடு குளோரீன் கூடிக் குளோரமீன் என்னும் பொருள்களாகின்றது. கண்ணைக் கரிக்கும் அம்மணம் அவற்றுக்கே உரியது. அது செலவழிந்த குளோரீனின் மணம். காவலன் களைத்துவிட்டான் என்பதன் அறிகுறி. அப்பொழுது வேண்டுவது குளோரீனைக் குறைத்தலன்று. ஒருவரும் இறங்காத வேளையில் மூடியைத் திறந்துவைத்து, உறையிற் குறித்த அளவின்படி ஒரே முறையிற் கூடுதலாக இட்டு, அக்குளோரமீன்களை அழித்தலேயாம். கேணியில் இறங்குமுன் காலலம்பும் எம்மவர் வழக்கத்தையும், தொட்டியில் இறங்குமுன் உடல் முழுதும் கழுவும் யப்பானியர் வழக்கத்தையும் மேற்கொண்டால், குளோரீனின் வேலை பாதியாகக் குறையும்.

புளிப்பும் காரமும்

குளோரீன் வேண்டிய அளவு இருந்தும் காவல் இல்லாதிருத்தல் கூடுமோ? கூடும். பலரும் அறியாத நுட்பம் இதுவேயாம்.

நீர் அமிலத்தன்மை உடையதோ காரத்தன்மை உடையதோ என்பதைப் பி.எச். பெறுமானத்தாற் குறிப்பர். இவ்வளவுகோலை 1909ஆம் ஆண்டில் தென்மார்க்கு நாட்டு விஞ்ஞானி சோரன்சன் என்பார் வகுத்தார். 7 என்பது நடுநிலை. அதனிற் குறைந்தால் அமிலம், கூடினால் காரம். ஒரு படி வேறுபாடு பத்து மடங்கைக் குறிக்கும் என்பதை மறத்தலாகாது.

நீரிற் கரைந்த குளோரீன் இரு வடிவங்களில் நிற்கும். ஒன்று ஐப்போகுளோரசு அமிலம். இது கிருமியை விரைந்து கொல்லும். மற்றையது ஐப்போகுளோரைற்று அயன். இது மிகவும் மந்தமானது. எது எவ்வளவு நிற்கும் என்பதைப் பி.எச். பெறுமானமே தீர்மானிக்கின்றது. 7.5 அளவில் இரண்டும் ஏறக்குறையச் சரிபாதி. 7.2 இல் வலிய வடிவம் மூன்றில் இரண்டு பங்கு. 8 இல் அது காற்பங்காகச் சுருங்கும், 8.5 இல் பத்திலொரு பங்களவே மிஞ்சும். ஆகவே இருவர் வீட்டுத் தொட்டிகளிலும் சோதனைத் தாள் 4 மில்லிகிராம் குளோரீன் எனக் காட்டலாம். ஒருவர் நீர் 7.2 உம் மற்றவர் நீர் 8.5 உமாயின், தாளிலுள்ள எண் ஒன்றே, காவல் ஒன்றன்று. அக்குளோரீன் எண்ணை மாத்திரம் கண்டு மனநிறைவு கொள்வார், தம் பிள்ளைகளைக் காவலற்ற நீரில் இறக்குகின்றார் என்க.

மறுதலையாக, பி.எச். 7 இனும் மிகத் தாழ்ந்தால் கண்ணும் தோலும் எரியும். சூடாக்கியின் உலோகம் அரிக்கப்படும். நம் கண்ணீரின் பி.எச். 7.4 அளவினது. எனவே 7.2 இற்கும் 7.8 இற்கும் இடையே நிறுத்துதல், கண்ணுக்கும் இதமாய்க் குளோரீனுக்கும் வலிமையாய் அமையும்.

தாங்கும் ஆற்றல்

பி.எச். பெறுமானத்தை ஒருநாள் சரிசெய்தால் மறுநாள் மாறிவிடுகின்றதே என்று வருந்துவார் பலர். அவர் நோயைப் பார்த்தனர், வேரைப் பார்த்திலர். நீரிலே இருகாபனேற்றுப் போதிய அளவு கரைந்திருந்தால், சிறிது அமிலமோ காரமோ சேர்ந்தாலும் அதனை ஏற்றுத் தாங்கும், பி.எச். எளிதில் அசையாது. இத்தாங்கும் ஆற்றலை 'மொத்தக் காரத்தன்மை' என்ற பெயரால் அளப்பர். அது இலீற்றருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வரை இருத்தல் தகும்.

குறைவாயின் அதனை உயர்த்தும் மருந்து நம் அடுக்களையிலேயே உள்ளது. அதுவே அப்பச்சோடா. 1000 இலீற்றர் நீரில் 17 கிராம் அப்பச்சோடா இட்டால் 10 மில்லிகிராம் உயரும். நமது 1500 இலீற்றர்த் தொட்டியில் காரத்தன்மை 60 ஆக இருந்து 100 ஆக வேண்டுமாயின், ஏறத்தாழ 100 கிராம் போதும். மாணவர் இக்கணக்கைத் தாமே செய்து பார்த்தல் நன்று.

மிகுதியாயின் உலர்ந்த அமிலம் எனப்படும் சோடியம் இருசல்பேற்றைச் சிறிது சிறிதாக இட்டுக் குறைக்கலாம். அமிலம் இடும்பொழுது காரத்தன்மையும் பி.எச். பெறுமானமும் ஒருங்கே தாழும். ஆனாற் குமிழிகள் எழும்போது, சோடாப் போத்தலைத் திறந்தாற்போல, நீரிற் கரைந்துள்ள காபனீரொட்சைட்டு வெளியேறும், வெளியேறவே பி.எச். மாத்திரம் தானே உயரும். காரத்தன்மை மிக்க நீரில் இவ்வுயர்ச்சியும் மிக விரைவாக நிகழும். வெந்நீர்த் தொட்டியின் பி.எச். ஓயாது மேலேறுவதன் காரணம் இதுவே. 'யாம் ஒன்றும் இடவில்லையே' என்று வியப்பார்க்கு விடை அக்குமிழிகளில் இருக்கின்றது.

வன்னீரும் மென்னீரும்

நம் வீட்டுக் கேத்திலின் அடியிற் படியும் வெண்கல்லைக் காணாதார் யார்? சுண்ணக்கல்லினூடே வந்த நீரில் கல்சியம் கரைந்துள்ளது. பெரும்பாலான பொருள்கள் சூட்டிற் கூடுதலாகக் கரைய, கல்சியங் காபனேற்றோ சூட்டில் குறைவாகவே கரையும். அதனாற் சூடுள்ள இடந்தேடிப் படியும். வெந்நீர்த் தொட்டியில் அவ்விடம் சூடாக்கியே. படிவு தடிக்கத் தடிக்க மின்சாரச் செலவு ஏறும். ஈற்றிற் சூடாக்கியும் கெடும்.

மிக மென்மையான நீரும் நன்றன்று. அதில் நுரை மிகும். உலோகப் பகுதிகளின் அரிப்பும் மிகுதற்கு இடமுண்டு. இலீற்றருக்கு 150 முதல் 250 மில்லிகிராம் வரையுள்ள வன்மையே நடுத்தரமானது. நாம் வாழும் ஊரின் நீர் எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இலண்டன் மாநகரின் நீர் யாழ்ப்பாணத்து நீர்போல வன்னீர். மலைமேல் மழையும் பனியும் உருகிவரும் வான்கூவர் நகரின் நீரோ மிக மென்னீர். இலண்டனில் வாழும் நண்பருக்குப் பொருந்திய முறையை வான்கூவரில் வாழ்பவர் அப்படியே பின்பற்றின் பயனில்லை. அவர் கல்சியங் குளோரைட்டைச் சேர்த்தல் வேண்டும். இவர் படிவைத் தடுக்கும் வழியைத் தேடல் வேண்டும். காரத்தன்மையும் வன்மையும் பி.எச். பெறுமானமும் சூடும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை, 1936ஆம் ஆண்டில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து இலாங்கிலியர் என்பார் ஒரே கணக்கில் அமைத்துக் காட்டினார். நீர் கல்லைப் படியவிடுமோ கரைக்குமோ என்பதை அக்கணக்கால் அறியலாம்.

செய்முறை ஒழுங்கு

எழுத்தறியாமற் சொல்லும், சொல்லறியாமற் பொருளும் கைகூடா. இங்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலிற் காரத்தன்மையைச் சரிசெய்க; அது தளமாகும். அடுத்துப் பி.எச். பெறுமானம், அடுத்து வன்மை. இவை நிலைபெற்ற பின்னரே குளோரீனையோ புரோமீனையோ இடுக. ஒவ்வொன்றையும் இட்டபின் நீரைச் சுழலவிட்டு, மீண்டுஞ் சோதித்தே அடுத்ததற்குச் செல்க. குளோரீனையும் பி.எச். பெறுமானத்தையும் இறங்குமுன் ஒவ்வொரு முறையும் பார்த்தல் நன்று. ஏனையவற்றை வாரத்துக்கொரு முறை பார்த்தல் போதும்.

சில எச்சரிக்கைகளையும் கூறல் எம் கடன். தூளை நீரில் இடுக. தூளின்மேல் நீரை ஊற்றற்க. அமிலத்தையும் குளோரீன் தூளையும் ஒருபோதும் ஒரு கலத்திற் சேர்த்தலாகாது. சேர்ந்தாற் குளோரீன் வாயு எழும். 1915ஆம் ஆண்டு ஏப்பிரலில் பெல்சியத்தின் ஈப்பர் போர்க்களத்திலே போர்வீரரைக் கொன்றது அவ்வாயுவேயாம். இருவகைக் குளோரீன் தூள்களைக் கலத்தலும் தீப்பற்றுதற்கு ஏதுவாகும். இவையனைத்தும் பிள்ளைகளின் கைக்கெட்டாத இடத்தில் இருத்தல் வேண்டும்.

கடைகளில் விற்கும் குளோரீன் வகைகள் சிலவற்றிற் சயனூரிக்கமிலம் சேர்ந்துள்ளது. குளோரீன் செலவாகிப் போகும். இவ்வமிலமோ போகாது நீரிலே தங்கிச் சேர்ந்துகொண்டே வந்து, பின்னர் இடும் குளோரீனை மந்தப்படுத்தும். ஆதலின் வெந்நீர்த் தொட்டிக்கு அவ்வகை தகாது என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையத்தின் அறிவுரை. எவ்வளவு காத்தாலும் பழைய நீரிற் கரைந்த பொருள்கள் மிகுந்தே வரும். எனவே வீட்டளவிற் பயன்படும் தொட்டியை மூன்று மாதத்துக்கொரு முறையேனும் வெறுமையாக்கி, வடியைக் கழுவி, புதுநீர் நிரப்புதல் வேண்டும். கிணற்றடிப் படியில் வழுக்கும் பாசிபோலக் குழாய்களின் உள்ளேயும் வழுவழுப்பான படலம் உண்டாகும். குளோரீன் எளிதில் எட்டாத அப்படலத்துட் பற்றீரியாக்கள் ஒளிந்து வாழும். ஆதலின் குழாய்களையும் துப்புரவாக்கியே நீரை மாற்றுதல் வேண்டும்.

நீர் நன்றாயினும் உடலும் இடங்கொடுத்தல் வேண்டும். இருதய நோயாளரும் கருவுற்ற மகளிரும் வைத்தியரைக் கேளாது இறங்கலாகாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை இறக்காதிருத்தலே நன்று. முதியோர் நெடுநேரம் அமர்ந்திருந்து திடீரென எழுந்தால் தலைசுற்றி விழவுங் கூடும்.

தெளிவு வேறு, தூய்மை வேறு. தெளிவைக் கண் காணும். தூய்மையை அளந்தே அறிதல் வேண்டும். ஓட்டத்தை இழந்த நீருக்கு அவ்வோட்டம் செய்யும் பணியை நாம் செய்வதாகச் சிறைப்படுத்தியபோதே ஒப்புக்கொண்டோம். அப்பணி நாளொன்றுக்குச் சில நிமிடங்களே கொள்ளும். அதனைச் செய்யாமையால் வருங் கேடோ முதியவர் ஒருவரின் மூச்சையே கொள்ளலாம். வெந்நீர்த் தொட்டியைக் கண்டிராத எம் மாணவர்க்கும் இதிற் பாடம் உண்டு. கல்லூரி ஆய்வுகூடத்திலே தம் வீட்டுக் கிணற்று நீரின் பி.எச். பெறுமானத்தையும் வன்மையையும் அவர் அளந்து பார்ப்பாராக. ஊரில் வாழும் மாணவரும் கடல்கடந்து வாழும் பழைய மாணவரும் தத்தம் வீட்டு நீரைத் தாமே அளந்தறிந்து காப்பாராயின், அதுவே கற்ற கல்வியின் பயனாகும்.